நிறுத்து என்று யார் காட்டினாலும்

சூயெஸ்
12 ஜனவரி 1979

அன்புள்ள அக்கா ஷஃபீகாவுக்கு,

உன் மீதும் அம்மா மீதும் சித்தப்பா மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நான் சுகம். உங்கள் முகங்களைப் பார்க்க முடியவில்லை என்பதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? எருமை கன்று போட்டதா? இதை நீ சத்தமாகப் படிக்கும்போது சித்தப்பா, "எருமையைக் கேக்குறான், என்னைக் கேக்கல பாரு" என்பார். அவரையும் கேட்டதாகச் சொல்.

நல்ல செய்தி ஒன்று. கம்பெனியில் என்னைக் கிரேன் ஓட்டும் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். இத்தனை நாள் சிமெண்டு மூட்டையை முதுகில் தூக்கினேன். இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்கலாம். சண்டையில் இடிந்த ஊர் முழுக்க மறுபடி கட்டுகிறார்கள், எங்கே பார்த்தாலும் கிரேன்தான். ஜூன் மாதம் பரீட்சை. கண், காது பார்ப்பார்கள், எழுத வைப்பார்கள், கடைசியில் மேலே ஏற்றி ஓட்டச் சொல்வார்கள். தேறினால் படம் ஒட்டிய லைசென்ஸ் அட்டை. அதில் ரிஃபாயி ஹரீதி என்று அப்பாவின் பெயரும் சேர்ந்து இருக்கும். அது கிடைத்த மாதமே வீடு பார்த்து உன்னையும் அம்மாவையும் இங்கே கூட்டி வந்துவிடுவேன்.

இந்தக் கால்வாய்க்கரை ஆட்களின் கேலிக்குக் குறைவில்லை. முதல் நாள் ஏறியபோது கீழேயிருந்து ஒருவன் கத்தினான்: "யோவ் ஸயீதி, தெக்கத்தி ஆளுங்களுக்கு ஏறத்தான் தெரியும், எறங்கத் தெரியாதாமே!" நானும் விடவில்லை. "எறங்கினா உன் தலைமேலதான் எறங்குவேன்" என்றேன்.

மேலே உட்கார்ந்தால் சுமை எங்கே போகிறது என்று பாதி நேரம் தெரியாது. கீழே ஒருவர் கை காட்டுவார், அதைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். எனக்குக் கை காட்டுபவர் பெயர் ஸாபிர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஹரீதி மவனே" என்றுதான் கூப்பிடுவார். பெயர்ப்பட்டியலில் படித்திருப்பார் போலிருக்கிறது. தன் குடிசைக் கூரையில் மாவை வெயிலில் பொங்கவைத்து ரொட்டி சுடுகிறார். பேரீச்ச முள்ளால் ஓரத்தைக் கீறி ஐந்து கொம்பு இழுத்துவிடுகிறார், அச்சு அசல் அம்மாவின் ரொட்டி! மதியம் அவரோடுதான் சாப்பாடு. சொந்த ஊர் ஃபய்யூம் என்கிறார். ஃபய்யூமில் வெயில் ரொட்டி ஏது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

அம்மாவின் கையை முத்தமிடும்,
ரிஃபாயி


நஜா ஸலாமா, சோஹாக்
3 பிப்ரவரி 1979

தம்பி ரிஃபாயிக்கு,

அக்கா எழுதுவது. இறைவன் உன்னை உயரத்திலும் காக்கட்டும், தரையிலும் காக்கட்டும். நாங்கள் எல்லோரும் நலம். எருமை கன்று போட்டது. சித்தப்பா நீ சொன்னபடியே சொன்னார், வார்த்தை கூட மாறவில்லை. அம்மா சிரித்துவிட்டாள்.

நீ கூப்பிடுவதெல்லாம் சரி, அம்மா வரமாட்டாள். உனக்கே தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டு ஹஸீபாவுக்குக் கல்யாணம். நாங்கள் போகவில்லை. அப்பாவைச் சுட்டவனின் ரத்தம் தரையில் விழுகிறவரை இந்த வீட்டில் துக்கம் கேட்கக்கூடாது என்பது சித்தப்பாவின் சட்டம், ஊரின் சட்டமும் அதுதான். துக்கம் கேட்காத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? அம்மா இன்றுவரை முற்றத்தில் பாய் விரிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாளே, அப்படியேதான் இருக்கிறாள். துக்கக் காப்பி காய்ச்சும் பித்தளைப் பாத்திரம் ஆணியில் தொங்குகிறது. களிம்பு ஏறாமல் நான்தான் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன்.

ரொட்டி விஷயத்தைப் படித்தபோது அம்மா, "இன்னொரு தடவ படி" என்றாள். பிறகு, "அஞ்சு கொம்பு நம்ம நஜா ஊரத் தவிர யாரும் இழுக்க மாட்டாங்களே. நம்ம பொண்ணு எவளையாவது அந்தப் பக்கம் கட்டிக் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஆள் எப்படி இருப்பார்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் நலம் வேண்டும்,
ஷஃபீகா


சூயெஸ்
26 பிப்ரவரி 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். உங்களைப் பார்க்க முடியாத குறை தவிர வேறு குறை இல்லை. சளி பிடித்திருந்தது, போய்விட்டது.

ஸாபிர் எப்படி இருப்பார் என்று கேட்டாய். நீ கேட்ட பிறகுதான் யோசித்தேன், எனக்கு அவர் முகமே சரியாகத் தெரியாது! மேலேயிருந்து பார்த்தால் இரும்புத் தொப்பிதான் தெரியும். சாப்பிடும்போதும் தலையில் போட்ட சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தலையைக் குனிந்தே சாப்பிடுவார். ஆனால் அவர் கையைக் கேள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாள் முழுக்க அதையேதானே பார்க்கிறேன். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. அவருடைய சுண்டுவிரல் மட்டும் மடங்காது. மற்ற விரல்களோடு சேராமல் தனியாக விறைத்து நிற்கும். ஆயிரம் பேர் கை காட்டினாலும் அந்த விரலை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடுவேன்.

பரீட்சைக்குப் படிக்கிறேன். நீயும் தெரிந்துகொள். ஒரு கிரேனுக்குக் கை காட்டுபவர் ஒருவர்தான். அவர் காட்டாமல் ஓட்டுநர் எதையும் அசைக்கக்கூடாது, வேறு யார் காட்டினாலும் கேட்கக்கூடாது. ஆனால் ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை மண்ணைப் பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டினால் நிறுத்து. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். இன்ஜினியர் காட்டினாலும் சரி, டீ விற்பவன் காட்டினாலும் சரி, தெருவோடு போகிற பொம்பளை காட்டினாலும் சரி.

நம் ஆட்கள் அவசரத்தில் ஐந்து விரலையும் குவித்து, 'பொறு' என்று காட்டிவிடுவார்கள். புத்தகத்தில் அப்படி ஒரு சைகையே கிடையாது. தூக்கச் சொல்கிறானா நிறுத்தச் சொல்கிறானா, இல்லை 'இரு, உன்னைக் கவனிச்சுக்கறேன்' என்கிறானா என்று மேலே உட்கார்ந்து முழிப்பேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்,
ரிஃபாயி


சூயெஸ்
10 ஏப்ரல் 1979

அக்காவுக்கு,

சாந்தி உண்டாகட்டும். நான் எழுதியது வந்து சேர்ந்ததா? பதிலே இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? தபால் வாங்கி வைக்கும் மளிகைக்கடை ஷஹாத்தா கடிதத்தில் மீன் மடித்துக் கொடுத்துவிட்டானா?

கண் பரிசோதனையில் தேறிவிட்டேன். டாக்டர், "பருந்து மாதிரி பாக்கறடா" என்றார். ஒரு வரியாவது போடு.

ரிஃபாயி


நஜா ஸலாமா
24 ஏப்ரல் 1979

தம்பிக்கு,

நலம். எல்லோரும் நலம். அறுவடை வேலையில் எழுத முடியவில்லை.

அந்த வேலையை விட்டுவிடு. வேறு ஊருக்குப் போ. லிபியாவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். காரணம் கேட்காதே. அந்த ஆளின் ரொட்டியை இனிமேல் சாப்பிடாதே.

கடிதத்தில் அவரைப் பற்றி எதுவும் எழுதாதே.

ஷஃபீகா


சூயெஸ்
6 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மீது சாந்தி உண்டாகட்டும். ஆனால் என்னிடம் இருந்த சாந்தியை நீ பிடுங்கிக்கொண்டாய்.

என்ன அக்கா இது? நான்கு மாதமாகப் படித்து, வெயிலில் வெந்து, கேலி கேட்டு, பரீட்சை வாசலில் நிற்கிறேன். போய்விடு என்கிறாய். என் வாழ்க்கையில் எனக்கென்று ஒரு பொருளுக்கு ஆசைப்பட்டேன் என்றால் அது அந்த அட்டைதான். காரணம் கேட்காதே என்றால் எப்படி? நான் என்ன சின்னப்பிள்ளையா? ஸாபிர் உனக்கு என்ன செய்தார்? நீ அவரைப் பார்த்ததுகூட இல்லையே.

எழுத்துப் பரீட்சையும் முடிந்தது. மிச்சம் இருப்பது கிரேனை ஓட்டிக் காட்டுவதுதான். ஜூன் பதினாறாம் தேதி, எங்கள் கட்டட மனையிலேயே. எனக்குக் கை காட்டப்போவதும் அவர்தான்.

கோபத்தோடும் அன்போடும்,
ரிஃபாயி


நஜா ஸலாமா
14 மே 1979

ரிஃபாயி,

இதை மருத்துவச்சி தஹப் கையில் கொடுத்து டவுனில் தபாலில் போடச் சொல்கிறேன். படித்ததும் எரித்துவிடு.

அவனை நான் பார்த்ததில்லை என்று எழுதினாய். பார்த்திருக்கிறேன்.

உனக்கு அப்போது அரைஞாண் கட்டிய வயது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். வாய்க்கால் கரையில் அப்பா மடையை அடைத்துக்கொண்டிருந்தார். கரும்புக்குள்ளிருந்து ஒரு கை வந்து தோகையை விலக்கியது. முகத்தில் துணி கட்டியிருந்தான், கை மட்டும்தான் தெரிந்தது. சுண்டுவிரல் மடங்காத கை. பிறகு வெடிச்சத்தம். என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் அந்த விரலைத்தான் சொன்னேன். தண்ணீர் முறைக்காக அப்பாவோடு சண்டை போட்ட கலஃபின் விரல் என்று ஊரே சொன்னது. அவன் அன்றே ஓடிவிட்டான். உன் ஸாபிர்தான் கலஃப்.

நீ பிப்ரவரியில் எழுதியதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். விரல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா. மை ஊறிப் போயிருக்கிறது என்று சொல்லித் தாண்டிவிட்டேன். நான் தண்ணீருக்குப் போன நேரத்தில் சித்தப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷஹாத்தா கடைக்குப் போயிருக்கிறார். ஷஹாத்தாவுக்கு எந்த வரியும் ஊறிப்போகவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். அம்மா எனக்குத் தலை வாரிவிடுகிறாள். "அடுத்த வருஷம் உனக்குக் கல்யாணம்டி" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் நல்லவள் என்று நினைக்காதே. அந்த விரல் என் கனவில் வராத மாதம் இல்லை. அவன் செத்தான் என்று கேட்டால் சந்தோஷப்படுவேன். ஆனால் நீ தூக்கில் தொங்கி எனக்குக் கல்யாணம் வேண்டாம். போய்விடு, தம்பி. அவர்கள் உனக்கு எழுதுவதற்கு முன்னால் போய்விடு.

ஷஃபீகா


நஜா ஸலாமா
20 மே 1979

அன்புள்ள ரிஃபாயிக்கு,

சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஷஹாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கிறான்.

"மவனே ரிஃபாயி, நல்லா இருக்கியா? ஒழுங்கா சாப்பிடு. வெயில்ல தலைக்குத் துணி கட்டிக்க. நாங்க எல்லாரும் சொகம், உன்னப் பாக்கலன்ற ஒரு கொறதான். பரீட்சைக்கு நல்லாப் படி. உனக்கு லைசென்ஸ் கெடைக்கணும்னு உங்கம்மா வெள்ளிக்கெழம தவறாம தர்காவுல மெழுகுவத்தி ஏத்துறா.

அவசரப்படாத. அட்டை இல்லாதவன் கையிலருந்து ஒரு செங்கல்லு விழுந்தாலும் குத்தம், பிடிச்சு உள்ள போடுவான். அட்டை இருக்கறவன் கையிலருந்து வீடே விழுந்தாலும் அது விதி. போலீஸ்காரனே வந்து உனக்குத் தண்ணி குடுப்பான். கத்தி வேணாம், துப்பாக்கி வேணாம். அல்லாவே அவனக் கொண்டாந்து உன் காலடியில நிறுத்தியிருக்கான், பாத்தியா?

அதுவரைக்கும் சிரிச்சுப் பேசு. ரொட்டி குடுத்தா வாங்கித் தின்னு. தெரியாம தின்ன ரொட்டியும் உப்பும் கட்டுப்படுத்தாது. தெரிஞ்சு தின்னா அந்தப் பாவம் என் தலைமேல."

அம்மா எழுதச் சொல்வது: "பாய எடுத்துத் தொவச்சு வெயில்ல போட்டிருக்கேன்னு எழுதுடி."

நானும் நலம். காப்பிப் பாத்திரம் தேய்த்து வைத்திருக்கிறது.

ஷஃபீகா


சூயெஸ்
2 ஜூன் 1979

அக்காவுக்கு,

சாந்தி உண்டாகட்டும். இதை மருத்துவச்சி தஹப் பெயருக்கு அனுப்புகிறேன்.

இரண்டு கடிதமும் கிடைத்தது. உன்னுடையதை எரித்தேன். சித்தப்பாவினுடையது சட்டைப்பையில் இருக்கிறது. ஏன் எரிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ரொட்டி நீட்டினான். வயிறு சரியில்லை என்றேன். மறுநாளும் நீட்டினான். அப்போதும் வயிறு சரியில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் நீட்டவில்லை. தன் பங்கைப் பிட்டு, என் பங்கைத் துணியில் மூடி வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

சுமைக்கு அடியில் ஆள் நிற்கக்கூடாது. கை காட்டுபவன் அதை மற்றவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியவன். ஆனால் இவன் சில நாட்களாக நேராகக் கொக்கிக்கு அடியில் வந்து நிற்கிறான். நேற்று ஒரு கட்டு இரும்புக்கம்பி அவன் தலைக்கு மேலே தொங்கியது. காற்றில் லேசாகச் சுற்றியது. அவன் நகரவில்லை. நெம்புகோலை ஒரு விரல்கடை தள்ளினால் போதும் அக்கா. வெறும் ஒரு விரல்கடை.

நான் இரவில் தூங்குகிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதினாறாம் தேதிக்கு அதிக நாள் இல்லை. போய்விடு என்கிறாய். நான் போனால் சித்தப்பா வருவார். அப்புறம் அவன் பிள்ளைகள் வருவார்கள், அவனுக்குப் பிள்ளைகள் இருந்தால்.

ரிஃபாயி


நஜா ஸலாமா
9 ஜூன் 1979

ரிஃபாயி,

நான் உனக்குக் கை காட்டுபவள் இல்லை. கிரேனை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. நீ எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இன்று மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். வடக்கே பார்த்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை மண்ணைப் பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எருமைதான் பார்த்தது.

தெருவோடு போகிற பொம்பளை காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று நீதானே எழுதினாய்?

ஷஃபீகா


சூயெஸ்
18 ஜூன் 1979

அன்புள்ள அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும்,

உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். இதை ஷஹாத்தாவே படிக்கட்டும். ஒரு வரியும் விடாமல், சத்தமாகப் படிக்கட்டும்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீரைத் தூக்கி, நட்டுவைத்த கம்பங்களுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஒரு கம்பத்திலும் இடிக்கவில்லை. பிறகு இரும்புக்கம்பிக் கட்டு. தூக்கு என்று கலஃப் காட்டினான், தூக்கினேன். திருப்பு என்றான், திருப்பினேன். ஆமாம் சித்தப்பா, கலஃப்தான். நீங்கள் நினைத்தது சரி.

கட்டு நடுவானில் இருக்கும்போது அவன் தன் இடத்தை விட்டு நடந்து வந்தான். நேராக அதற்கு அடியில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான், சால்வையையும் இறக்கினான். முதல் தடவையாக அவன் முழு முகத்தைப் பார்த்தேன். என்னை அண்ணாந்து பார்த்தபடியே ஆட்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினான். இறக்கு. சுண்டுவிரல் தனியாக நின்றது.

அம்மா, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இறக்கலாம் என்று தோன்றியது. நீங்கள் கேட்டதைவிடச் சுத்தமான விபத்து. பரீட்சை நடத்தும் இன்ஜினியரே சாட்சி. கை காட்டியவன் அவன், குற்றமும் அவனுடையது. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன், வரவில்லை. என் கை நெம்புகோலில் இருந்தது. அது என் கை போலவே இல்லை.

அப்போது நிறுத்து என்று ஒரு கை காட்டியது. மனையில் யாரும் கையை ஆட்டவில்லை. ஆனாலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும் என்பதுதான் சட்டம். நிறுத்தினேன். ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அவன் நகர்கிறவரை விடவில்லை. அவன் விரல் சுற்றிக்கொண்டே இருந்தது, நானும் விடவில்லை. கடைசியில் இரண்டு பேர் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். இன்ஜினியர் என் முதுகில் தட்டினார். "சபாஷ்! சிக்னல்காரன் நல்லா சோதிச்சான்யா உன்னை. ஆளு கீழ நிக்கும்போது எவன் எறக்கச் சொன்னாலும் எறக்காதவன்தான் ஓட்டுநர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவன் ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "ஹரீதி மவனே, நீ என் ரொட்டியத் தள்ளின அன்னிக்கே புரிஞ்சுது. பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணியத் தோள்ல போட்டுக்கிட்டு, கொல்லுங்க இல்ல மன்னிங்கன்னு உங்க வாசல்ல வந்து நிக்க எனக்கு தைரியம் இல்ல. ஊரு கூடிப் பாக்குமே. இங்க நிக்கத்தான் முடிஞ்சுது. உங்கக்கா கண்ணு தப்பாப் பாக்கல, போய்ச் சொல்லு" என்றான். கையை நீட்டினான். நான் தொடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவன் குடிசை காலி. எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

அட்டையில் ரிஃபாயி ஹரீதி என்று இருக்கிறது. அப்பாவின் பெயரோடு. அதை வைத்துக்கொண்டு நான் வீடு கட்டுவேன் சித்தப்பா. நீங்கள் சொன்னதைச் செய்யமாட்டேன், இவன் இல்லை, எவன் வந்து நின்றாலும் செய்யமாட்டேன்.

ஒரு அறையும் சமையலறையும் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். அம்மா, வா. அக்காவையும் கூட்டிக்கொண்டு வா.

உங்கள் முகங்களைப் பார்க்கக் காத்திருக்கும்,
ரிஃபாயி


நஜா ஸலாமா
7 ஜூலை 1979

என் தம்பிக்கு,

தஹப் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். நான் நலமாக இருக்கிறேனா என்று கேட்காதே. நீ நலமாக இருக்கிறாய் அல்லவா? அது போதும்.

ஷஹாத்தா உன் கடிதத்தை முற்றத்தில் நின்று படித்தான். ஒரு வரியும் விடவில்லை. நிறுத்து என்று ஒரு கை காட்டியது என்ற இடம் வந்ததும் சித்தப்பா, "அத இன்னொரு தடவ படி" என்றார். படித்தான். "யாரு கை அது?" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் ஐந்து விரலையும் குவித்துக் காட்டிவிட்டுப் போகிறார். புத்தகத்தில் இல்லாத சைகை என்று எழுதியிருந்தாயே, அதுதான். எனக்கு அர்த்தம் தெரியும்.

முந்தாநாள் காலையில் அம்மா எழுந்து குளித்து, கருப்பு உடுத்திக்கொண்டு, துவைத்து வைத்திருந்த பாயை எடுத்து முற்றத்தில் விரித்தாள். வாசல் கதவு இரண்டையும் திறந்து வைத்தாள். அப்பாவுக்குத்தான் என்று நினைத்தேன். கடைசியில் போதும் என்று விட்டுவிட்டாள், அழுது தீர்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக் காப்பிப் பாத்திரத்தை ஆணியிலிருந்து எடுத்தேன், ரிஃபாயி. உண்மையாகவே சந்தோஷமாக எடுத்தேன்.

ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். குர்ஆன் ஓதினார்கள். பிறகு ஹஸீபாவின் மாமியார் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள்: "ஐயோ ரிஃபாயி, ஒத்தப் புள்ளையா இருந்தியே!"

அம்மா அழவில்லை. "ஆமா, ஒத்தப் புள்ள. கிரேன்லருந்து விழுந்துட்டான்" என்றாள்.

சித்தப்பா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். இனி நீ இந்த மண்ணில் கால் வைத்தால், செத்தவன் எழுந்து வந்ததாகத்தான் பார்ப்பார்கள். செத்தவனை மறுபடி புதைத்தால் கேட்பார் யாரும் இல்லை. வந்துவிடாதே.

சர்க்கரை போடாத காப்பியை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தது நான்தான். குவளையைத் திருப்பித் தரும்போது ஒவ்வொருத்தியும் என் கன்னத்தைத் தடவி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "அவனோட மிச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும்." நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

ஊரே சேர்ந்து கொடுத்த ஆயுசு, நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் இந்த உறைக்குள் போட்டு ஒட்டியிருக்கிறேன். பத்திரமாகப் பிரித்து எடுத்துக்கொள்.

உன் அக்கா,
ஷஃபீகா